சாத்தூர்ப் பக்கம் ஒரு ஞானஸ்நானம்

விருதுநகர் வந்ததும் எழுப்பிவிடுகிறேன் என்று சொன்ன நடத்துநர் மறந்துவிட்டார். நானும் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது ஆட்சியர் அலுவலகத்தின் நீண்ட சுற்றுச்சுவர் ஜன்னலோரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, விருதுநகரு போயி எம்புட்டு நேரமாச்சு! நீங்க எறங்கலையா? சரி, இங்கன சூலக்கரையில எறங்கிக்கோங்க" என்று என்னையும் பெட்டியையும் நாற்கரச் சாலையின் ஓரத்தில் இறக்கிவிட்டு, ஏதோ நான்தான் அவரை ஏமாற்றிவிட்டதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

மதியம் மூன்று மணி வெயில். மலேசியாவில், எங்கள் ஊரான கிள்ளானில் இந்த நேரத்துக்கு வானம் கறுத்து மழை இறங்கத் தயாராக இருக்கும். இங்கே வானத்துக்கு நிறமே இல்லை. சாலையின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேல மரங்கள். மனு எழுதிக் கொடுக்கும் ஒருவர், தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்தி, "ஒக்காருங்க தாயி. பென்சன் விசயமா?" என்று கேட்டார். இல்லை, பேருந்தில் தூங்கிவிட்டேன் என்றதும் அவர் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்தது.

என்னை வரவேற்க விருதுநகர் பேருந்து நிலையத்தில் காத்திருந்த என் சித்தி மகன் சாமுவேல், அரை மணி நேரத்தில் ஒரு லோடு ஆட்டோவை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் சின்னச் சபை ஒன்றுக்குப் போதகராக இருக்கிறான். ஆட்டோ சபையார் ஒருவருடையது. பின்னால் அட்டைக் கட்டுகள் ஏற்றியிருந்தன. அவற்றின் நடுவே என் பெட்டியைச் செருகினான்.

"நல்லதாப் போச்சுக்கா. நம்ம ஊருக்கு இந்தத் தெசையிலதான் போகணும். என்ன, பரோட்டாதான் ஆறிருச்சு."

விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவை முதல்முறையாக ஓடும் ஆட்டோவில், மடியில் பொட்டலத்தைப் பிரித்துவைத்துத் தின்றேன். எங்கள் ஊர் ரொட்டி சானாய் மெத்தென்று கையோடு வரும். இது எண்ணெயில் பொரிந்து முறுகி, சால்னாவில் ஊறிய பிறகுதான் மசிந்து கொடுக்கிறது. ஆறியும் நன்றாகவே இருந்தது.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கிள்ளானில் எங்கள் சபையில் பல ஆண்டுகளாக வேதபாட வகுப்பு எடுக்கிறேன். சாமுவேல் தன் சபையில் ஒரு வாரம் பாடம் எடுக்கக் கூப்பிட்டிருந்தான். ஒவ்வொரு மாலையும் ஒரு பாடம், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம். நியாயப்பிரமாணமும் கிருபையும், அதாவது கடவுளின் சட்டமும் தகுதி பாராமல் அவர் தரும் மன்னிப்பும், என்ற தலைப்பை அவனே கொடுத்திருந்தான். ஏன் இந்தத் தலைப்பு என்று தொலைபேசியில் கேட்டதற்கு, "வாங்கக்கா, நேர்ல சொல்றேன்" என்றிருந்தான்.

ஆட்டோவில் சொன்னான்.

அவன் ஊருக்கு வெளியே இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில், சில வருடங்களுக்கு முன் தீபாவளி சீசனில் விபத்து நடந்தது. வெடிமருந்து அடைக்கும் அறை ஒன்று தரைமட்டமானது. அதில் இறந்தவர்களில் கருப்பசாமி என்பவரும் ஒருவர். அவர் லோடு தூக்குகிறவர். மருந்து அறைக்குள் அவருக்கு வேலையே கிடையாது. விசாரணையில் அங்கே போர்மேனாக இருந்த காளிராஜ், "கருப்பசாமி தானாகத்தான் உள்ளே போனான்" என்று சொல்லிவிட்டார். வேலை தெரியாதவன் கை பட்டுத்தான் வெடித்தது என்று பழி இறந்தவர் தலையில் விழுந்தது. முதலாளியும் காளிராஜும் ஜாமீனில் வெளியே இருக்கிறார்கள். வழக்கு சாத்தூர் கோர்ட்டில் நடக்கிறது.

"காளிராஜுக்கும் கையெல்லாம் தீக்காயம். ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான் போய்ப் பாத்தேன். அப்பறம் சபைக்கு வர ஆரம்பிச்சாரு. ஒரு நாள் அழுதுக்கிட்டே எங்கிட்ட உண்மையச் சொன்னாரு. இவருதான் கருப்பசாமியை உள்ள உக்கார வச்சிருக்காரு. இப்ப ஞானஸ்நானம் கேக்குறாரு."

"கோர்ட்டில் சொன்னாரா?"

"அதான்க்கா இல்ல. வாற திங்கக்கிழமை கேசு வருது. சபை மூப்பர் ஜெபமணி அண்ணன், மொதல்ல அவரு கோர்ட்ல உண்மையச் சொல்லட்டும், அதுக்கப்பறம் ஞானஸ்நானம் கொடுங்கங்குறாரு. நான் ஞாயித்துக்கெளமை கொடுக்குறதா இருக்கேன். சபை ரெண்டா நிக்குது. நீங்க வெளி ஆளு. நீங்க சொன்னா கேப்பாங்க."

எனக்கு அந்த நிமிடம் அது கடினமான கேள்வியாகவே தெரியவில்லை. கிருபை கூலி அல்ல. இரட்சிப்பு நம் நடத்தையைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை. இதைத்தானே இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தேன். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, "நீ செய்வதுதான் சரி" என்றேன்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் சாமுவேலின் மனைவி ரூபி கம்பங்கூழும் மோர்மிளகாயும் கொடுத்தாள். "மதினி, ஒங்களுக்கு இது ஒத்துக்கிருமா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டாவது தம்ளரையும் ஊற்றினாள்.

மூப்பர் ஜெபமணி முந்திய மாலைப் பாடத்துக்கு வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, போகும்போது என்னிடம், "நாளைக்கு எங்க கம்பெனி கேட்டு வரைக்கும் வந்துட்டுப் போங்க டீச்சர்" என்றார். வேறொரு பட்டாசுக் கம்பெனியில் பாதுகாப்பு மேற்பார்வை அவர் வேலை. சாமுவேல் என்னை பைக்கில் கொண்டுபோய் விட்டான்.

தொழிற்சாலை என்றால் நான் நினைத்தது வேறு. வெள்ளையடித்த சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே நிறைய வெற்றிடம், வேப்பமரங்கள். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தை யாரோ தூரத் தூரமாகப் பிரித்து வைத்ததுபோல இருந்தது. ஒவ்வொரு அறையின் வெளிச்சுவரிலும் எத்தனை பேர் உள்ளே இருக்கலாம் என்று எழுதியிருந்தது.

ஜெபமணி கேட்டில் நின்று வருகிறவர்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். கைபேசி, தீப்பெட்டி எல்லாம் வெளியே. ஒரு இளம்பெண் நைலக்ஸ் சேலை கட்டி வந்திருந்தாள். அந்தத் துணி உரசினால் பொறி வரும் என்பதால் பருத்தி மட்டும்தான் அனுமதி.

"வீட்டுக்குப் போத்தா."

"அண்ணே, தொவைச்சது காயலண்ணே. இன்னைக்கு மட்டும் விடுங்கண்ணே."

"போத்தா. மாத்திட்டு வா."

"திரும்பி வர்றதுக்குள்ள பாதிநாளு போயிரும். கொஞ்சம் எரக்கம் காட்டுங்கண்ணே!"

அவர் தலையை ஆட்டினார். அவள் எங்களுக்குக் கேட்கும்படியே அவரைத் திட்டிக்கொண்டு வேகாத வெயிலில் திரும்பி நடந்தாள்.

"இந்தப் புள்ள என்னைய வையுது. வையட்டும் டீச்சர். சாயந்தரமும் உசுரோட வையட்டும்" என்றார் ஜெபமணி. அவர் சிரிக்கவில்லை. "நேத்து நீங்க சொன்னீக, சட்டம் நம்மளக் குத்தவாளியாக்கும், கிருபை விடுதலை குடுக்கும்னு. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இந்தக் கேட்டுல நான் கிருபை காட்டினா நாளைக்கு எளவு வீட்டுக்குப் போகணும். எங்க ஊர்ல சட்டம்னா அது ஆளு வீடு திரும்புறது. காளிராஜ் அதைத்தான் மீறினாரு. மீறுனதோட, செத்தவன் மேலயும் போட்டாரு. அவர அப்பிடியே தண்ணிக்குள்ள எறக்கி, எல்லாம் தீந்துச்சுன்னு எப்பிடிச் சொல்றது?"

நான் என் வழக்கமான பதிலைச் சொன்னேன். சட்டம் நல்லதுதான், ஆனால் அதனால் நம்மை மீட்க முடியாது என்று. அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். எனக்கே அது கேட்டுக்கு வெளியே நின்று பேசுகிற பேச்சாகத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை சிவகாசிக்குத் தனியாகப் போனேன். எங்கள் சபைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வண்ணப்பட அட்டைகள் வாங்க வேண்டியிருந்தது. அச்சகத் தெருவில் பல தெய்வங்களும் நடிகர்களும் பூனைக்குட்டிகளும் ஒரே கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தார்கள். அச்சு மையின் வாடை மூக்கிலேயே தங்கிவிட்டது. ஒரு கடையில் சீரணி மிட்டாய் வாங்கினேன். கருப்பட்டிப் பாகு ஒழுக ஒழுகத் தின்னவேண்டிய பொருள் அது. சேலையில் ஒழுகவிட்டேன்.

திரும்பும்போது மினிபஸ் பஞ்சர். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றதும், "எல்லாரும் எறங்குங்க, ஸ்டெப்னியும் பஞ்சரு" என்று ஓட்டுநர் நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார். பக்கத்தில் இருந்த நிழற்குடையில் போய் உட்கார்ந்தோம். எனக்குப் பக்கத்தில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். காகிதக் கட்டு ஒன்றை மடியில் வைத்திருந்தாள். வீட்டிலிருந்தே பட்டாசுக்குக் குழாய் சுற்றிக் கொடுக்கிற வேலையாம். பையிலிருந்து சாத்தூர் வெள்ளரிப்பிஞ்சு எடுத்து எனக்கும் நீட்டினாள்.

"அசலூரா?"

"மலேசியா."

"ஆத்தாடி! இந்த மினிபஸ்ஸுல ஏறவா அம்புட்டுத் தூரம் வந்தீக?" என்று சிரித்தாள். பிறகு என் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு, "வேதக்காரவுகளா?" என்றாள். வேதக்காரர் என்று இந்தப் பக்கத்தில் கிறிஸ்தவர்களைச் சொல்வார்கள். ஆமாம் என்றேன். எந்த ஊருக்குப் போகிறேன் என்று சொன்னதும் அவள் கை வெள்ளரிப்பிஞ்சோடு அப்படியே நின்றது.

"அப்ப அந்தப் பாஸ்டர் வீட்டுக்கா? அவுக அக்கா வந்து பிரசங்கம் பண்றாகன்னாக. அது நீங்கதானா?"

"ஆமா. நீங்க?"

"முத்துமாரி. கருப்பசாமி வீட்டுக்காரி."

அவள் கோபமாக இல்லை. வெயிலைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்.

"காளிராஜண்ணன் ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்காக. அவுகள ஒங்க சாமி மன்னிச்சிருச்சாம்ல. ஊரெல்லாம் சொல்லுது. மன்னிச்சுட்டுப் போகட்டும். சாமிக்கு அந்த உரிம இருக்கும். எனக்கு ஒண்ணுதான் தெரியணும். எங்க வீட்டுக்காரர் மேல ஒரு பளி கெடக்குல்ல, சொன்ன பேச்சு கேக்காம உள்ள போயி நாலு பேரச் சாகடிச்சான்னு? அதையும் ஒங்க சாமி எடுத்துருச்சா?"

என் வகுப்பில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அங்கே பாவம் செய்தவனுக்கும் கடவுளுக்கும் இடையில் மட்டும்தான் கணக்கு நடக்கும். பாதிக்கப்பட்டவள் வந்து பெஞ்சில் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு நீட்டுவதில்லை.

"இன்னும் இல்லை" என்று மட்டும் சொன்னேன்.

அவள் தலையசைத்தாள். நான் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பாள் என்று நினைக்கிறேன். மாற்று டயர் வரும்வரை அவள் கணவரைப் பற்றிச் சொன்னாள். வெடிச்சத்தம் என்றாலே பிடிக்காதாம். தீபாவளி அன்றைக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்துவிடுவாராம். "அப்பிடிப்பட்ட ஆளு தானா போயி மருந்து ரூம்ல உக்காருவாகளா, நீங்களே சொல்லுங்க."

சனிக்கிழமை காலை. சபை என்பது தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகைதான். சாமுவேலும் ஜெபமணியும் நானும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். காளிராஜ் வந்தார். வாட்டசாட்டமான ஆள். முழங்கை வரை தோல் சுருங்கி வழவழவென்று இருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கணும். சுத்தி வளைக்காமச் சொல்லுங்க. திங்கக்கெளமை கோர்ட்ல நான் வாயத் தொறக்கலைன்னாலும், நாளைக்குத் தண்ணிக்குள்ள எறங்கலாமா?"

ஜெபமணி என்னைப் பார்த்தார். சாமுவேல் தரையைப் பார்த்தான். முந்தின நாள் நிழற்குடையில் உட்கார்ந்திருந்தவளின் முகம் என் முன்னால் நின்றது. கூடாது என்று சொல்லிவிட எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஒரு வார்த்தை போதும். இந்த மனிதர் அதற்குப் பயந்து கோர்ட்டில் போய்ச் சொல்லிவிடுவார். முத்துமாரிக்கு வேண்டியது கிடைத்துவிடும். ஆனால் அது பொய்யாகியிருக்கும். நான் நம்புகிற ஒன்றை வைத்து அவரிடம் பேரம் பேசியதாக ஆகியிருக்கும்.

"நீங்க செஞ்சது தப்புன்னு மனசார உணர்றீங்களா?"

"உணராமயா இப்பிடி அலையுறேன்?"

"அப்ப இறங்கலாம்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. "அப்ப கோர்ட்ல சொல்ல வேண்டியதில்லையா?"

"அப்படிச் சொல்லலை. முத்துமாரி உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. நீங்க சொல்ற வரைக்கும் அவங்க வீட்டுக்காரர் பேர்ல பழி இருக்கும். அது உண்மை. ஆனா நீங்க சொல்லி முடிச்ச பிறகு உங்களை ஏத்துக்கலாம்னு ஆண்டவர் காத்துக்கிட்டு இல்லை. அவர் முதல்லயே வந்துட்டார்." பிறகு, "உங்களுக்கு எதுக்குப் பயம்? ஜெயிலுக்கா?" என்று கேட்டேன்.

அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"ஜெயிலுகூடப் பரவால்ல டீச்சரம்மா. நடந்தத முழுசாச் சொல்லிட்டா நான் எப்பிடிப்பட்ட ஆளுன்னு எல்லாத்துக்கும் தெரிஞ்சு போயிரும். எம் பொண்டாட்டிக்கே முழுசாத் தெரியாது."

"ஆண்டவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கூப்பிடுறார்."

காளிராஜ் கும்பிட்டுவிட்டுப் போனார். ஜெபமணி எழுந்தார். ரூபி கொண்டுவந்த டீயைத் தொடவில்லை.

"ரொம்ப லேசாப் போயிருச்சு டீச்சர்" என்றார். "அந்தம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?" ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அன்று மதியம் ரூபி வைத்த கருவாட்டுக் குழம்பு எப்படி இருந்தது என்றுகூட எனக்கு நினைவில்லை. ஒரு மனிதருக்குத் தப்பித்துப் போக வழி காட்டிவிட்டேனோ என்ற எண்ணத்தை அன்று முழுவதும் என்னால் விலக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஒரு தோட்டத்துப் பம்புசெட் தொட்டியில் ஞானஸ்நானம். எங்கள் ஊர்ச் சபையில் நீலப் பளிங்கு பதித்த தொட்டி உண்டு. இங்கே தொட்டிச் சுவரில் பாசி படிந்திருந்தது. ஒரு ஆடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுதிவைத்த பிரசங்கத்தில் பாதியை விட்டுவிட்டேன். கிருபை என்பது சட்டத்தைச் சுவரிலிருந்து அழிப்பது அல்ல, அந்தச் சுவருக்கு முன்னால் நாம் தலைகுனிந்து நிற்கும்போது யாரோ வந்து பக்கத்தில் நிற்பது என்று மட்டும் சொன்னேன். புரிந்ததோ என்னவோ.

ஜெபமணி வந்திருந்தார். வரமாட்டார் என்று நினைத்தேன். ஓரமாக நின்றார். காளிராஜ் தண்ணீரில் மூழ்கி, தடுமாறி எழுந்தபோது, யாரும் சொல்லாமலேயே ஜெபமணிதான் கைகொடுத்து மேலே ஏற்றி, தோளில் துண்டைப் போட்டார். முகத்தில் மட்டும் இணக்கம் இல்லை.

பிறகு பந்தி. சோறு, கறிக்குழம்பு, ரசம். காளிராஜ் சாப்பிடவில்லை. ஈரத் தலையோடு சாமுவேலிடம் வந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"பாஸ்டரய்யா, எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டேன். இப்ப முத்துமாரி வீட்டுக்குப் போறேன். நீங்க கொஞ்சம் கூட வாங்க. டீச்சரம்மாவும். ஜெபமணி அண்ணே, நீங்களும்."

முத்துமாரி வாசலில் உட்கார்ந்து காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தாள். நாங்கள் போய் நின்றதும் அக்கம்பக்கத்தில் கதவுகள் திறந்தன. அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் சுற்ற ஆரம்பித்தாள்.

"முத்துமாரி, கருப்பு தானா உள்ள போகல. நாந்தேன் போகச் சொன்னேன்" என்றார் காளிராஜ்.

கை நிற்கவில்லை.

"லோடு போகவேண்டியிருந்துச்சு. ஆளு பத்தல. வந்து ஒக்காருன்னேன். அவன் மாட்டேன்னான்."

அப்போது கை நின்றது.

"மாட்டேன்னாகளா?"

"ஆமா."

"என்ன சொன்னாக? அப்பிடியே சொல்லுங்க."

"'வெயிலு ஏறிருச்சுண்ணே, மருந்து சூடாக் கெடக்கும். ரூம்ல ஏற்கனவே ஆளு ஜாஸ்தி. வேண்டாம்ணே'ன்னான். 'ஏலே, நான் சொல்றேன்ல, ஒக்காரு'ன்னு அதட்டுனேன். ஒக்காந்தான்."

முத்துமாரி சுற்றிய குழாயை முறத்தில் வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து நின்றாள்.

"இத இங்கன சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? அங்கன சொல்லுவீகளா?"

"சொல்லுவேன்."

"அப்ப நானும் வாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை சாத்தூர்ப் பேருந்தில் எல்லோரும் ஒன்றாகவே போனோம். முத்துமாரி முன்னால் பெண்கள் இருக்கையில், காளிராஜ் பின்படியோரம் நின்றபடி. ஜெபமணி வேலைக்கு விடுப்பு எடுத்து வந்திருந்தார். அவருக்கு இடம் கிடைத்தும் உட்காராமல் காளிராஜின் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கோர்ட் வளாகத்தில் காத்திருப்பதுதான் பெரிய வேலை. காராச்சேவும் டீயுமாகப் பொழுது போனது. எங்கள் ஊர் நீதிமன்றம் குளிர்சாதனத்தில் உறைந்து கிடக்கும். இங்கே மின்விசிறிச் சத்தத்தில் நீதிபதி பேசுவதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கவேண்டியிருந்தது.

வழக்கு கூப்பிட்டார்கள். காளிராஜ் கூண்டில் ஏறியதும், வழக்கறிஞர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றார். முதலாளிக்கும் அவருக்கும் ஒரே வழக்கறிஞர். அவர் பதறிப்போய்த் தடுக்கப் பார்த்தார். நீதிபதி கையை உயர்த்தினார்.

காளிராஜ் முந்தின நாள் வாசலில் சொன்னதை அப்படியே சொன்னார். கருப்பசாமி மாட்டேன் என்றதையும் சொன்னார்.

"யாராவது மிரட்டினாங்களா?"

"இல்லீங்கய்யா."

"இப்படிச் சொன்னா உங்களுக்குத் தண்டனை வரலாம்னு தெரியுமா?"

"தெரியுமுங்கய்யா."

"அப்புறம் ஏன் இத்தனை நாள் கழிச்சு?"

"மன்னிச்சுட்டாக ஐயா. அதனால சொல்றேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "யாரு மன்னிச்சது? அந்தம்மாவா?"

"இல்லீங்கய்யா. அவுக இன்னும் மன்னிக்கல."

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் இதையும் அடிக்கவேண்டுமா என்பதுபோல நிமிர்ந்தார். நீதிபதி வேண்டாம் என்று தலையசைத்தார். காளிராஜுக்குத் தனியாக இலவச வழக்கறிஞர் அமர்த்தவேண்டும், அவரோடு கலந்து பேசிய பிறகு வாக்குமூலத்தை முறைப்படி பதிவு செய்யலாம் என்று சொல்லித் தேதி கொடுத்தார். ஆனாலும் இன்று சொன்னது குறிப்பில் ஏறும் என்றார்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காளிராஜ் அடுத்த தேதியிலும் அதையேதான் சொன்னார். அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. முதலாளிக்கும் கிடைத்தது, அவர் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறார். தீர்ப்பில் கருப்பசாமி மீது தவறில்லை என்று எழுதியிருக்கிறதாம். சிறைக்குப் போய்ப் பார்க்கிறவர்களில் தவறாமல் போகிறவர் ஜெபமணிதான் என்று சாமுவேல் தொலைபேசியில் சொன்னான். அன்று நான் சொன்னதை அவர் இன்னும் முழுதாக ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கிறிஸ்துமசுக்கு வாழ்த்துச் சொல்லும்போதும், "அன்னைக்கு நீங்க துணிஞ்சிட்டீக டீச்சர், எனக்குப் பயந்தான்" என்றார். எனக்கும் பயம்தான் என்றேன்.

அந்தத் திங்கட்கிழமை, கோர்ட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் முத்துமாரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காளிராஜ் தூரத்தில் ஜெபமணியோடு நின்றிருந்தார். அவரையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"மன்னிச்சதுனாலதான் சொன்னேன்னாக. நெசமாவா டீச்சர்?"

"ஆமா."

"மொதல்ல சொல்லட்டும், அப்பறம் பாப்பம்னுதான் நான் இருந்தேன். ஒங்க சாமி மாத்திச் செஞ்சிருக்கே." பிறகு, "என்னால அப்பிடி முடியாது" என்றாள்.

"முடியணும்னு யாரும் கேட்கலை" என்றேன்.

அவள் முந்தானை முடிச்சிலிருந்து சின்னக் கைபேசியை எடுத்து, மதுரையில் நர்சிங் படிக்கும் மகளைக் கூப்பிட்டாள். எடுத்ததும் எழுந்து நின்றுகொண்டாள். இருபுறமும் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"ஏத்தா, நாந்தேன். கோர்ட்லருந்து பேசுறேன். ஒங்கப்பா தானா போகலையாம். மாட்டேன்னுதான் சொன்னாகளாம். ஆமாத்தா, ஜட்ஜுகிட்ட. எல்லார் முன்னாடியும்." மறுமுனையில் மகள் ஏதோ சொல்வதைக் கேட்டாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "சரி, அழுகாத. சாப்ட்டியா?"